கிளையண்ட் கவுன்சிலிங் போட்டிக்கு சென்னை போய் வந்த அஞ்சு நாள்

செப்டம்பர் 11, 2025, வியாழன் - கிளாம்பாக்கம், சைதாப்பேட்டை

விடியக்காலை அஞ்சரைக்கு பஸ்ல லைட்டைப் போட்டு "கிளாம்பாக்கம், எல்லாரும் இறங்கிக்கோங்க"ன்னு சத்தம். எங்க டிக்கெட்ல கோயம்பேடுன்னு தெளிவா போட்டிருக்கு, கேட்டா "இதுக்கு மேல வண்டி போகாதும்மா"ன்னு ஒரே பதில், பக்கத்துல கைக்குழந்தையோட இருந்த அம்மாவுக்கும் அதே பதில்தான். ராத்திரி விழுப்புரம் தாண்டி ஏசியும் நின்னு போச்சு. திருநெல்வேலில இருந்து பதினோரு மணி நேரம் உட்கார்ந்தே வந்த உடம்பு, ரெண்டு பேர் கையிலயும் கவர் போட்ட கருப்பு கோட்டு, கசங்கக் கூடாதுன்னு ராத்திரி முழுக்க மடியிலயே வச்சிருந்தோம்.

வெளிய ஆட்டோ சைதாப்பேட்டைக்கு 700 கேட்டாங்க. டீக்கடை அண்ணன்தான் "எதுக்கும்மா அவ்ளோ காசு, அந்தா பிங்க் கலர் வண்டி நிக்குது பாரு, பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாது"ன்னு கை காட்டினார். ஏறிட்டோம். கண்டக்டர் ஜீரோ டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு, கோட்டைப் பார்த்து "வக்கீலாம்மா?"ன்னு கேட்டார். இன்னும் இல்ல சார், நாலாவது வருஷம்னு சொன்னோம். "அப்ப சீட்ல மாட்டாம மேல கம்பில தொங்க விடு, கசங்காது"ன்னு அவரே வாங்கி மாட்டி விட்டார். இறங்கின இடத்துப் பக்கத்துல அம்மா உணவகம் இருந்துச்சு, பொங்கல் 5 ரூபா, இட்லி ஒண்ணு 1 ரூபா. ரெண்டு பேருக்கும் சேர்த்து 16 ரூபா, வயிறு நிறைஞ்சிடுச்சு.

எதுக்கு வந்தோம்னு சொல்லிடறேன். கிளையண்ட் கவுன்சிலிங் போட்டின்னா மூட் கோர்ட் மாதிரி இல்ல, ஜட்ஜ் முன்னாடி நின்னு வாதாடறது எல்லாம் கிடையாது. ஒரு ஆபீஸ் ரூம், ஒரு மேஜை, நாங்க ரெண்டு பேர் வக்கீல். நாடகத்துல நடிக்கிற ஒருத்தர் கட்சிக்காரரா உள்ள வருவார். அவர் கையில முழுக் கதையும் இருக்கும், எங்க கையில ரெண்டு வரி குறிப்பு மட்டும்தான். அரை மணி நேரம் பேசி அவருக்கு என்ன பிரச்சனை, என்ன வேணும்னு கண்டுபிடிக்கணும், என்னென்ன வழி இருக்குன்னு சொல்லணும். அவர் வெளிய போனதும் கால் மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் எது சரியா பண்ணினோம் எது தப்புன்னு ஜட்ஜுங்க காதுல விழ பேசிக்கணும். அமெரிக்காவுல லூயிஸ் பிரவுன்னு ஒரு வக்கீல், சண்டை கோர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே மனுஷங்களுக்கு உதவணும்னு சொல்லிட்டே இருந்தவர், அவர் ஆரம்பிச்சு வச்சது இது, சர்வதேச அளவுல 1985ல இருந்து நடக்குது. நாங்க வந்தது அதே மாதிரி இங்க ஒரு காலேஜ் நடத்துறது, மொத்தம் 14 டீம், அதுல நாலு வெளிநாடு.

தங்கறது என்கூட ஜோடியா போட்டிக்கு வந்த பார்ட்னரோட அத்தை வீட்ல. அத்தை சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகுது, இன்னும் "வாங்கட்டி, ராத்திரி தூங்கினீளா"ன்னுதான் கேக்காங்க. சாயங்காலம் பக்கத்து வீட்டு பூக்கார அக்கா ஒரு மஞ்சப்பையோட வந்தாங்க. "வக்கீலுக்கு படிக்கிற புள்ளைங்க வந்திருக்குதுன்னு சொன்னாங்க, ரேஷன் கார்டுல என் வீட்டுக்காரர் பேரை எடுக்கணும், இன்னா பண்ணணும்?" எனக்கு தெரிஞ்ச விஷயம், டக்குன்னு சொல்லிட்டேன். இறப்புச் சான்றிதழ், ஆதார், கார்டு எடுத்துட்டு இ-சேவை மையத்துக்குப் போங்கக்கா, முடிஞ்சிரும். "சரிமா"ன்னாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க, அப்புறம் ஆளுக்கு ஒரு முழம் மல்லி வச்சு விட்டுட்டு காசு வாங்காம போயிட்டாங்க.

செப்டம்பர் 12, வெள்ளி - முதல் நாள் போட்டி

காலேஜ் அடையாறு பக்கம். ரூம் நம்பரை நடுராத்திரி வாட்ஸாப்ல மாத்தி இருக்காங்க, நாங்க தூங்கிட்டோம், காலையில மூணு மாடி ஏறி இறங்கி மூச்சு வாங்க உள்ள போய் உட்கார்ந்தோம். வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு போன் பண்ணி சொல்லி இருக்கலாம், அது மட்டும் வருத்தமா இருந்துச்சு.

முதல் ரவுண்டை முழுசா எழுதணும், ஏன்னா அது மனசுல இருந்து போகவே மாட்டேங்குது.

குறிப்புல இருந்தது இவ்வளவுதான்: ஓய்வு பெற்ற டீச்சர், வயது 66, வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்தது தொடர்பாக. எங்களுக்கு சந்தோஷம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23, பார்த்துக்குவேன்னு நிபந்தனையில வாங்கின சொத்தை பார்த்துக்காம விட்டா அந்தப் பத்திரம் செல்லாதுன்னு கேக்கலாம். பத்திரத்துல நிபந்தனை எழுதியே ஆகணுமா இல்லையாங்கற கேள்வி எல்லாம் கரைச்சுக் குடிச்சிருந்தோம், இந்த ஜனவரில ஊர்மிளா தீட்சித் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை பெத்தவங்களுக்கு சாதகமா விரிச்சுப் படிக்கணும்னு சொன்னது வரைக்கும். அந்த அம்மா வந்து உட்கார்ந்தாங்க, காட்டன் புடவை, வெள்ளை முடி, வீட்டை செட்டில்மெண்ட் பத்திரமா மகனுக்கு எழுதிக் கொடுத்துட்டேன், இப்ப மகன் சரியா பேசறதில்லைன்னு இங்கிலீஷ்ல ரெண்டு வாக்கியம் சொன்னாங்க. அவ்வளவுதான், நான் ஆரம்பிச்சுட்டேன். அந்தச் சட்டத்துக்கான தீர்ப்பாயத்தை நடத்தற வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம், அந்த தீர்ப்பாயத்துல வக்கீல் வரக் கூடாதுன்னு பிரிவு 17 சொல்லுது ஆனா மனு தயார் பண்ண நாங்க உதவலாம், பத்திரத்தை ரத்து பண்ணலாம், மகனை வெளியேத்த கேக்கலாம். நான் தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவ, இங்கிலீஷ்ல தடுக்காம பேசறேங்கற சந்தோஷம் வேற. அந்த அம்மா தலையாட்டிட்டே இருந்தாங்க. கடைசி நிமிஷத்துல "அப்ப என் பேரனும் வெளிய போகணுமா?"ன்னு கேட்டாங்க. மணி அடிச்சிருச்சு.

எங்க கால் மணி நேரத்துல நாங்க பிரிவு 23 பத்தியே பேசினோம். மூணு ஜட்ஜுல ஒருத்தங்க வக்கீல் இல்ல, மனநல ஆலோசகர். அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அந்த டீச்சரம்மா கையில என்ன இருந்துச்சு?

எங்க ரெண்டு பேருக்கும் தெரியல.

"சாவி. ரெண்டு தடவை மேஜை மேல வச்சாங்க, ரெண்டு தடவையும் நீங்க நோட்டைப் பார்த்து எழுதிட்டு இருந்தீங்க."

அப்புறம் டீ நேரத்துல அந்த நடிச்ச அம்மாகிட்டயே போய் கேட்டேன். முடிஞ்ச ரவுண்டு, சொன்னா தப்பில்லன்னு நல்ல தமிழ்ல சொன்னாங்க. அந்த டீச்சரோட கணவர் இறந்தப்புறம் அவரோட புத்தகம், கண்ணாடி, ஹார்மோனியம் எல்லாம் மாடி ரூம்ல இருக்கு, மகன் அந்தப் பூட்டை மாத்திட்டான். அவங்ககிட்ட இருக்கற சாவி இப்ப அதுல சேராது. அவங்களுக்கு வீடு வேண்டாம், பத்திரம் ரத்தாக வேண்டாம், அந்த ரூமுக்கு புது சாவி வேணும், பேரன் அந்த வீட்லயே இருக்கணும். "சாவி பத்தி யாராவது கேட்டா மட்டும்தான் இதைச் சொல்லணும்னு எனக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்கம்மா." ஒரு நோட்டீஸ் கூட வேண்டாம் இதுக்கு, மகனை உட்கார வச்சுப் பேசினாலே போதும். நான் அந்த அம்மாவோட பேரனைத் தெருவுல நிறுத்தற அளவுக்கு சட்டம் பேசி இருக்கேன். டீயைக் குடிக்கவே முடியல.

மத்தியானம் ரெண்டாவது ரவுண்டு பரவாயில்ல. வந்தவர் கொடுக்கல் வாங்கல் பிரச்சனையோட வந்தார், "ஜெயிச்சா பத்து பர்சென்ட் தர்றேன், இப்ப ஃபீஸ் வேண்டாம்"னார். முடியாதுன்னு சொல்லணும், பார் கவுன்சில் விதிப்படி இங்க வக்கீல் கேஸோட ரிசல்ட்டை வச்சு ஃபீஸ் பேசக் கூடாது. அமெரிக்காவுல அது சகஜம். கோலாலம்பூர் டீம்ல இருந்த தமிழ்ப் பொண்ணு எங்க ஊர்லயும் கூடாதுதான்னு சாப்பாட்டு நேரத்துல சொல்லுச்சு.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது வானம் இருண்டு பத்தே நிமிஷத்துல கொட்டிருச்சு. காலையில உச்சி பிளக்கற வெயில், இப்ப தெருவுல கணுக்கால் தண்ணி. கோட்டு ரெண்டும் தொப்பலா நனைஞ்சு போச்சு.

செப்டம்பர் 13, சனி

கோட்டுக் கதைதான் முதல்ல. விடிஞ்சும் ஈரம் காயல, ஒன்பதரைக்கு ரவுண்டு. அத்தை ஆறரைக்கே எங்களை தெருமுனை அயர்ன் வண்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த அண்ணன் அப்பதான் கரியைப் பத்த வச்சுட்டு இருந்தார். கோட்டைத் தொட்டுப் பார்த்துட்டு நேரா பெட்டியை வைக்கல, அப்படி வச்சா மினுமினுன்னு பளபளப்பு வந்துரும்னு சொல்லி, உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, ஒரு பழைய வேட்டித் துணியை மேல விரிச்சு, அது மேல பெட்டியை வச்சு வச்சு எடுத்தார். தேய்க்கல, வச்சு எடுத்தார். ஆவி குப்குப்புன்னு கிளம்புது. கைமடிப்புக்கு ஒரு டவலைச் சுருட்டி உள்ள விட்டார். முக்கால் மணி நேரம் ரெண்டு கோட்டுக்கு. எவ்வளவுண்ணான்னு கேட்டா, "ஒரு கோட்டுக்கு பத்து ரூபா, ரெண்டுக்கு இருபது, பரிச்சைக்குப் போற புள்ளைங்க." அம்பது கொடுத்தோம், மீதியை வாங்க வச்சுட்டுத்தான் விட்டார்.

இன்னைக்கு ரவுண்டு நல்லா போச்சு. ஒரு சின்ன வயசுப் பையன், கம்பெனி அக்கவுண்டன்ட், ஏதோ சொல்ல வர்றார் நிறுத்தறார். நான் எதுவும் கேக்கல, பேனாவைக் கூட எடுக்கல. ரொம்ப நேரம் கழிச்சு, "நான் சொன்னா நீங்க போலீஸ்ல சொல்லுவீங்களா?" அப்பதான் பார்ட்னர் நிதானமா சொன்னா. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொல்றது வெளிய போகாது, பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 126, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமத்துல பிரிவு 132. முன்னாடியே நடந்து போன தப்பை ஒத்துக்கிட்டு எனக்காக வாதாடுங்கன்னு கேட்டா அதுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனா இனிமே ஒரு தப்புப் பண்ண எங்க உதவியைக் கேட்டா அதுக்குக் கிடையாது. அந்தப் பையன் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன், நடிப்புதான், ஆனாலும் பார்த்தேன். பொய் பில்லுல கையெழுத்துப் போட்டதை அதுக்கப்புறம் முழுசா சொன்னார்.

ஆனா மொத்த மார்க்குல ஆறாவது இடம். நாலு டீம்தான் அடுத்த கட்டத்துக்கு. பார்ட்னர் அழுதா. "முதல் ரவுண்டுல ஒழுங்கா பாத்திருந்தா உள்ள போயிருப்போம்ட்டி"ன்னா. ஆமான்னேன், வேற என்ன சொல்ல.

எல்லா டீமும் சேர்ந்து பெசன்ட் நகர் பீச் போனோம். மிளகாய் பஜ்ஜி, சுண்டல், உப்பு மிளகாத்தூள் தடவின மாங்கா. யாழ்ப்பாணத்துப் பொண்ணு ஒண்ணு, "உங்கட தமிழ் எனக்கு விளங்குது, நீங்கள் கொஞ்சம் கெதியா கதைக்கிறீங்கள்"னு சொல்லிட்டு எங்க நெல்லைப் பேச்சைக் கேட்டு ஆசையா சிரிச்சுது. கோலாலம்பூர் பொண்ணோட கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமாம், ஊர் பேர் தெரியாது, நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினது மட்டும் வீட்ல சொல்லி இருக்காங்களாம். கடலையே பார்த்துட்டு நின்னுச்சு.

செப்டம்பர் 14, ஞாயிறு - இறுதிப் போட்டியும் மஞ்சப்பையும்

ஃபைனல்ல இலங்கை டீமும் பெங்களூரு டீமும். கட்சிக்காரரா ஒரு பெரியவர், உயில்ல இருந்து மகள் பேரை எடுக்கணும்னு வந்தார். ரெண்டு டீமும் தனித்தனியா அதே ஆளைப் பேட்டி எடுத்தாங்க. பெங்களூரு பசங்க சட்டத்துல பயங்கர ஸ்ட்ராங். நேத்து பீச்ல பேசின அந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னா, பெரியவர் மகள் பேரைச் சொல்லும்போது குரல் லேசா மாறுச்சு, உடனே பேனாவை மூடி நோட்டு மேல வச்சுட்டு, தண்ணி டம்ளரை அவர் பக்கம் ரெண்டு விரல் தூரம் நகர்த்திச்சு. ஒரு வார்த்தை பேசல. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 23 செகண்ட். ஹால்ல இருக்கற எங்களுக்கே தாங்க முடியல. அப்புறம் பெரியவரே, "அவ போன் பண்ணி ஒன்பது மாசம் ஆச்சு"ன்னு ஆரம்பிச்சார். உயிலை மாத்தறது பத்தி அதுக்கப்புறம் அவர் வாயே திறக்கல. அவங்கதான் ஜெயிச்சாங்க, நாங்க கை வலிக்கத் தட்டினோம்.

பஸ்ல வரும்போது பார்ட்னர் திடீர்னு கேட்டா. "ஏட்டி, அந்த பூக்கார அக்கா அன்னைக்கு போகாம நின்னாங்கல்லா, ரேஷன் கார்டுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மஞ்சப்பை?"

எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு அவங்க வீட்டுக்குப் போனோம். அக்கா அரும்பு கட்டிட்டு இருந்தாங்க. நாங்களும் கீழ உட்கார்ந்தோம். ரேஷன் கார்டு பத்தி கேக்கல, எதுவுமே கேக்கல. நார் எடுத்துக் கொடுத்தோம். ஒரு மூணு முழம் கட்டி இருப்பாங்க, அப்புறம் கையை நிறுத்தாமலே சொல்ல ஆரம்பிச்சாங்க. வீட்டுக்காரர் பெயிண்டர். 2023 தீபாவளி முடிஞ்சு நாலு நாள், வேளச்சேரில ஒரு பில்டிங், மூணாவது மாடி சாரத்துல இருந்து விழுந்துட்டார். வயசு 40. மேஸ்திரி 20,000 ரூபா கொண்டு வந்து கொடுத்து, ஒரு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். "கையெழுத்துப் போட்டேன்ல, இனிமே கேக்க முடியாதுல்ல, அத்தான் அன்னைக்கு கேக்கணும்னு வந்தேன், அப்புறம் நீங்க சின்னப் புள்ளைங்க, எதுக்குன்னு..."

பார்ட்னர் என்னைப் பார்த்தா. அப்ப அமல்ல இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923. உரிமையை விட்டுக் கொடுக்கறேன்னு எழுதி வாங்கற எதுவும் செல்லாது, பிரிவு 17. ஆனா மனுவை ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நவம்பர் வந்தா ரெண்டு வருஷம். இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. வியாழக்கிழமை நான் இ-சேவை மையத்துக்கு அனுப்பி வச்ச அக்கா இவங்க.

அத்தை வீட்டுக்கு வந்து நோட்டுப் பின்பக்கம் கணக்குப் போட்டா பார்ட்னர். சம்பளம் எவ்வளவா இருந்தாலும் மாசம் 15,000 வரைக்கும்தான் எடுத்துக்குவாங்க, அதுல பாதி, 40 வயசுக்கு சட்டத்தோட அட்டவணைல இருக்கற பெருக்கு எண் 184.17, பெருக்கினா 13,81,275 ரூபா. அவங்க வாங்கினது 20,000. ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசிக்கல. அந்தத் தொகையை அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னு மட்டும் முடிவு பண்ணினோம். நாங்க இன்னும் வக்கீல் இல்ல, வேலை பார்த்தார்னு நிரூபிக்கணும், சம்பளம் நிரூபிக்கணும், நடுவுல எவ்வளவோ இருக்கு. சொல்லிட்டு அது கிடைக்கலன்னா அந்த வீடு தாங்காது.

செப்டம்பர் 15, திங்கள் - ஹைகோர்ட்

இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல பிரிவு 12ல இருக்கு. சட்ட உதவி எண் 15100க்கு போன் பண்ணினாலும் சொல்லுவாங்க, ஆனா நாங்களே கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டோம், பஸ் ராத்திரி ஒன்பதுக்குத்தான். அக்கா காலையில பூ விக்கறதை எட்டரைக்கே முடிச்சுட்டு, துவைச்ச புடவை கட்டிட்டு, மஞ்சப்பையோட ரெடி. சைதாப்பேட்டைல மெட்ரோ ஏறினோம், அவங்க மெட்ரோ ஏறறது முதல் தடவை, இத்தனை வருஷம் அந்த ஸ்டேஷன் வாசல்லதான் பூ விக்கறாங்க. எஸ்கலேட்டர்ல என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

எங்க ஊருக்கு ஹைகோர்ட்னா மதுரைக் கிளைதான், 2004ல வந்தது. சென்னை ஹைகோர்ட்டை நான் புத்தக அட்டையில மட்டும்தான் பார்த்திருக்கேன். 1892ல கட்டின சிவப்புக் கட்டடம், மேல இருக்கற கோபுரம் 1977 வரைக்கும் கப்பலுக்கு வழி காட்டற கலங்கரை விளக்கமா இருந்திருக்கு. வளாகத்துல மனுநீதிச் சோழன் சிலை இருக்கு. அக்கா அது முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு கும்பிட்டாங்க.

சட்ட உதவி மையத்துல கூட்டம். ஒண்ணரை மணி நேரம் காத்திருந்தோம், அங்க இருந்த வக்கீல் மேடம் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கம்மா, சாப்பிட்டீங்களா?"ன்னு ஆரம்பிச்சாங்க. அங்கேயே எனக்கு நிம்மதியாகிடுச்சு. மஞ்சப்பையில இருந்து ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. இறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் எஃப்ஐஆர் நகல், பிள்ளைங்களோட ஸ்கூல் சர்டிபிகேட். "வேலை பார்த்ததுக்கு ஏதாவது இருக்காம்மா?"ன்னு மேடம் கேட்டாங்க. இல்லன்னு அக்கா தலையாட்டினாங்க. மேடம் பேசாம இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல அக்கா பைக்குள்ள கையை விட்டு, அடியில இருந்து ஒரு பாக்கெட் நோட்டை எடுத்தாங்க, பால் கணக்கு எழுதற சின்ன நோட்டு. "இது அவரு எழுதினது, எதுக்கு ஆவும்னு தெரியல." ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி, ஏரியா, மேஸ்திரி பேர், 850, 850, 850. ஓரத்துல அங்கங்க பெயிண்ட் விரல் ரேகை, நீலம், வெள்ளை. கடைசி எழுத்து வேளச்சேரி, அதுக்குப் பக்கத்துல தொகை எழுதல.

மேடம் அதை ரெண்டு கையால வாங்கினாங்க. "இதைத் தொலைச்சிராதீங்கம்மா, இதுதான் உங்க கேஸே. இந்த மாசத்துக்குள்ள மனு போட்டுடலாம், புதன்கிழமை வாங்க, இப்ப எல்லாப் பக்கத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து கொடுத்துட்டுப் போங்க."

பாரிமுனை பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. எழுதின பக்கம் 38, பக்கத்துக்கு ரெண்டு ரூபா. நாங்க பர்ஸைத் திறக்கறதுக்குள்ள அக்கா முந்தானை முடிச்சை அவுத்து, காலையில பூ வித்த சில்லறையை மேஜை மேல ஒவ்வொண்ணா எண்ணி வச்சுட்டாங்க, 76 ரூபா.